செக்கரிடம் மாட்டிக்கொண்டேன்

பிப்ரவரி 4, ஞாயிறு

வீட்டில் பறவை வளர்க்க வேண்டுமாம். உலகம்மாள் காலையில் இட்லியை வைத்துக்கொண்டே சொன்னாள். கேட்கவில்லை, சொன்னாள்.

"வீடு ஒரேயடியா அமுங்கிக் கெடக்கு. ஒரு சத்தம் கித்தம் வேண்டாமா? நான் வேலைக்குப் போனப்புறம் நீங்க செவுரப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கிய."

நான் டம்ளரை ஒரு தட்டுத் தட்டினேன்.

இப்போது எங்கள் வீட்டுப் பாஷை இதுதான். இருபத்தாறு வருஷம் திருநெல்வேலி – பாபநாசம் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவன் நான். ஒரு விசில் அடித்தால் வண்டி நிற்க வேண்டும், இரண்டு விசில் அடித்தால் கிளம்ப வேண்டும். போன ஐப்பசியில், தொண்டையில் வந்த கட்டிக்காகக் குரல்வளையையே எடுத்துவிட்டார்கள். கழுத்துக் குழியில் ஒரு துளை. மூச்சு அதன் வழியாகத்தான். வாய்க்குக் காற்று வராது. பேச முடியாது, விசிலும் ஊத முடியாது. ஆகவே டம்ளர். ஒரு தட்டு என்றால் வேண்டாம், இரண்டு தட்டு என்றால் சரி. கண்டக்டர் பெண்டாட்டிக்கு இதைச் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

"ஒண்ணு தட்டினா ஆச்சா? என்ன ஏதுன்னு எழுதிக் காட்டுங்க" என்றாள்.

சிலேட்டில் எழுதினேன்: 'எச்சத்தை யார் அள்ளுவது?'

"நீங்கதான். வேற என்ன சோலி உங்களுக்கு?"

எனக்குச் சுள்ளென்று வந்தது. தட்டை நகர்த்தினேன். அவள் கண்டுகொள்ளவே இல்லை. கொஞ்ச நேரம் கழித்து நானே தட்டை இழுத்து மிச்சத்தைச் சாப்பிட்டேன். இட்லி நன்றாக இருந்தது. அதையும் எழுதிவைக்கிறேன்.

பிப்ரவரி 7, புதன்

ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் ப்ளாரன்ஸ் டீச்சரைப் பார்க்கப் போனோம். தினமும் இந்த நோட்டில் எழுதச் சொன்னதும் அவர்தான். உள்ளே அடைத்து வைக்காதீர்கள், வாயில் வராதது கையிலாவது வரட்டும் என்றார். நான்கு பக்கம் எழுதியிருப்பதைக் காட்டினேன். படித்துவிட்டுச் சிரித்தார்.

"கருவிய வச்சுப் பேசிப் பழகுறீங்களா?"

மேஜையில் இரண்டு தட்டுத் தட்டினேன். பச்சைப் பொய். உலகம்மாள் என்னைப் பார்த்தாள்.

அந்தக் கருவி அலமாரியில், பெட்டிக்குள் இருக்கிறது. பார்க்க டார்ச் லைட் மாதிரி. கழுத்தில் அழுத்திப் பொத்தானை அமுக்கினால் அதிரும். வாயை மட்டும் அசைத்தால் போதும், அந்த அதிர்வு பேச்சாக வெளியே வரும். ஏற்ற இறக்கம் இல்லாமல், மாவு மில் மோட்டார் பேசுவது போல வரும். நல்ல கருவிதான். எனக்கு ஒத்துவரவில்லை, அவ்வளவுதான். அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

பறவை விஷயத்தை உலகம்மாள் டீச்சர் காதிலும் போட்டுவிட்டாள். "தாராளமா வளங்க. ஆனா தூசி கொட்டுற பறவை வேண்டாம். நமக்கெல்லாம் மூக்கு வடிகட்டிக் கொடுக்கும். இவங்களுக்கு எல்லாம் நேரே நெஞ்சுக்குள்ள போகும்" என்றார் டீச்சர்.

அப்படியானால் வேண்டாம் என்றுதானே அர்த்தம்? உலகம்மாளுக்கு அப்படிக் கேட்கவில்லை. பஸ்ஸில் வரும்போது, "தூசி கொட்டாத பறவை எதுன்னு விசாரிக்கணும்" என்றாள். அதைத் தவிர வீடு வரும்வரை வேறு பேச்சு இல்லை. நான் சொன்ன பொய்யைத்தான் நினைத்துக்கொண்டு வந்திருப்பாள்.

பிப்ரவரி 11, ஞாயிறு

ஞானதுரை வந்தான். பதினோரு வருஷம் என் வண்டிக்கு டிரைவர். நான் ஊமையான பிறகு என்னிடம் ஏனோ கத்திக் கத்திப் பேசுகிறான். எனக்குக் குரல்தான் போயிற்று, காது போகவில்லை என்று மூன்று தரம் எழுதிக் காட்டிவிட்டேன். "சரில!" என்று அதையும் கத்துகிறான்.

பறவை என்றதும் அவனுக்கு உற்சாகம் தாங்கவில்லை. "புறா வாங்குல! மொட்டமாடில கூண்டு அடிச்சித் தாரேன்!"

புறா ரெக்கையைத் தட்டினால் எவ்வளவு பொடி பறக்கும்? பாபநாசத்துக்குப் புறாக்கூடை ஏற்றி இறக்கியவனுக்குத் தெரியாதா? ஒரு தட்டு.

பக்கத்து வீட்டு எஸ்தர் சுவருக்கு அந்தப்பக்கம் நின்றபடியே, தன் தம்பியிடம் சொன்னால் தென்னம்பொந்திலிருந்து பச்சைக்கிளிக் குஞ்சு எடுத்துத் தருவான், நன்றாகப் பேசும் என்றாள். அதை வீட்டில் வைத்திருந்தால் வனத்துறைக்காரர்கள் வந்து கூண்டோடு தூக்குவார்கள். சட்டப்படி குற்றம். தவிர, பறக்கப் பிறந்ததைப் பொந்திலிருந்து திருடி வந்து என் வாய்க்குப் பதிலாகப் பேசவிடுவதா? ஒரு தட்டு, கொஞ்சம் ஓங்கியே.

உலகம்மாள் விடவில்லை. அவள் ஒரு பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளர். அங்கே ஒரு டீச்சர் வீட்டில் கொண்டை வைத்த, கன்னத்தில் ஆரஞ்சுப் பொட்டு வைத்த காக்கட்டீல் என்று ஒரு கிளி இருக்கிறதாம், விசிலடிக்குமாம். கன்னத்தில் பொட்டு என்றதும் எனக்கும் ஒரு ஆசை வந்தது. ஞானதுரை செல்போனில் தேடிப் படித்தான். மேலெல்லாம் பவுடர் பூசினாற்போல் வெள்ளைத் தூசியாம், உதறினால் தரையெல்லாம் படியுமாம். அந்த ஆசையும் போயிற்று.

"அப்ப என்னதான்ல வேணும் உனக்கு?" என்று கத்தினான்.

எழுதினேன்: 'தூசி இல்லாதது. சின்னது. சட்டத்துக்கு உட்பட்டது. என்னைப் பார்த்துப் பரிதாபப்படாதது.'

இருவரும் படித்தார்கள். உலகம்மாள் காப்பி போடப் போய்விட்டாள்.

பிப்ரவரி 18, ஞாயிறு

வாங்கியாச்சு.

கடைக்காரர் செய்யது பாய் மேலப்பாளையத்துக்காரர். எங்கள் பஸ்ஸில் வந்திருக்கிறாராம். சில்லறை இல்லை என்று என்னிடம் திட்டு வாங்கியிருக்கிறாராம். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். கழுத்தில் கட்டியிருந்த துணியைப் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை. அதற்காகவே அவரை எனக்குப் பிடித்துவிட்டது.

உலகம்மாள் "லவ் பேர்ட்ஸ் ஒரு ஜோடி" என்றாள்.

"எல்லாரும் அப்படித்தான் கேப்பாவ அக்கா. நெசமான லவ் பேர்ட்ஸ் வேற, அது காதக் கிழிச்சிரும். நீங்க காட்டுதது பட்ஜி, சின்னக் கிளி சாதி. தூசி கம்மி. தினையும் ரெண்டு மல்லித்தழையும் போட்டாப் போதும். வீட்ல முழுநேரமும் ஆளு உண்டுமா?"

"இவுக இருக்காவ. முழுநேரமும்."

முழுநேரமும் என்பதை அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். எனக்குத்தான் குத்தியது.

"அப்பச் சரி. வீடு பூட்டிக் கெடந்தா ரெண்டா வாங்கணும், ஒத்தையில ஏங்கிப் போயிரும். ஆளு இருந்தா ஒண்ணு போதும். அந்த ஆளத்தான் அது ஜோடியா நெனச்சிக்கிடும். உங்க வீட்டுக்கு ஒண்ணுதான் தோதுப்படும்" என்றார் பாய்.

ஒற்றையாக வாங்குவது பாவம் என்று உலகம்மாள் கொஞ்ச நேரம் மல்லுக்கு நின்றாள். நான் அதற்குள் பெரிய கூண்டின் பக்கம் போய்விட்டேன். இருபது முப்பது இருக்கும், பச்சையும் நீலமுமாய் ஒரே கூச்சல். கூண்டுக் கம்பியில் விரலால் இரண்டு தட்டுத் தட்டினேன். எல்லாம் மூலைக்குப் பறந்தன. ஒன்று மட்டும் இருந்த இடத்திலேயே இருந்து, தலையைச் சாய்த்து என்னைப் பார்த்துவிட்டு, 'கீச் கீச்' என்று இரண்டு தரம் சொன்னது. மறுபடி தட்டினேன். மறுபடி இரண்டு.

பச்சை உடம்பு, மஞ்சள் முகம். "மூக்கு மேல ஊதாவா இருக்குல்லா, ஆண்தான். குஞ்சு. நல்லாப் பழகும்" என்றார் பாய்.

நான் உலகம்மாளைப் பார்த்தேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள். ஜோடிப் பேச்சை அதோடு விட்டுவிட்டாள்.

பிப்ரவரி 19, திங்கள்

பெயர் வைத்துவிட்டேன்: செக்கர்.

கூண்டை எங்கே மாட்டினாலும் தலையைச் சாய்த்து வீட்டை ஒரு சுற்றுப் பார்வையிடுகிறது. டிக்கெட் இல்லாதவனைத் தேடும் செக்கிங் இன்ஸ்பெக்டர் பார்வை. என் இருபத்தாறு வருஷ சர்வீஸில் ஒரு செக்கரிடமும் நான் மாட்டியதில்லை. இவரிடமும் மாட்ட மாட்டேன்.

மார்ச் 2, சனி

ஜன்னலோரம் வேண்டாம், பக்கத்து வீட்டுப் பூனை. அடுக்களை வாசல் வேண்டாம், புகை. கடைசியில் பட்டாசாலையில், அதாவது முன்கூடத்தில், என் நாற்காலிக்குப் பக்கத்துச் சுவரில் ஆணி அடித்தோம். கூண்டைத் திறந்துவிடும் நேரத்தில் ஃபேனை நிறுத்த வேண்டும். திருநெல்வேலி வெயிலில் ஃபேன் இல்லாமல் உட்கார்ந்து வேர்த்து வடிகிறேன். செக்கர் துரை என் தோளில் உட்கார்ந்து சட்டைப் பொத்தானைக் கடிக்கிறார்.

மதியம் உலகம்மாள் வற்றல் தாளித்தாள். நெடி பட்டதும் செக்கர் வாயைத் திறந்து மூச்சிரைத்தது. எனக்கும் துளை வழியாக இருமல் கிளம்பி, கண்ணெல்லாம் நீர். இருவரும் ஒன்றாகத் திணறினோம். அவள் ஓடி வந்து ஒரு கையில் கூண்டையும் ஒரு கையில் என்னையும் பிடித்து வாசலுக்கு இழுத்துப் போனாள்.

சாயங்காலம் பார்க்கிறேன், பழைய ஒற்றை அடுப்பைத் தூக்கிக் கொல்லைப்புறத்தில் போட்டிருக்கிறாள். "இனிமே தாளிக்கது பொரிக்கதெல்லாம் அங்கதான். குருவிக்கு ஆகாதுல்லா" என்றாள்.

குருவிக்காம். இத்தனை மாதமாக நான் இருமும்போதெல்லாம் இவள் அடுப்பை எங்கே தூக்கி வைப்பது என்று யோசித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். எனக்காக என்று சொன்னால் நான் ஒரு தட்டுத் தட்டிவிடுவேன் என்று அவளுக்குத் தெரியும். கொல்லையில் வெயிலில் குந்தி உட்கார்ந்து அப்பளம் பொரிக்கிறாள். இவளுக்கு என்ன கைம்மாறு செய்யப்போகிறேன் என்று இருந்தது. எழுதிக் காட்டலாம் என்று சிலேட்டை எடுத்தேன். பிறகு கீழே வைத்துவிட்டேன். சில விஷயங்கள் சிலேட்டுக்குச் சரிப்படாது.

மார்ச் 5, செவ்வாய்

உலகம்மாள் வேலைக்குப் போன பிறகு அலமாரியைத் திறந்தேன். பாட்டரி கெட்டுவிடக் கூடாதே என்றுதான்.

சார்ஜ் ஏறியதும் ஒரு தரம் போட்டுப் பார்த்தேன். 'சேரன்மாதேவி' என்றேன். அந்தச் சத்தத்துக்குச் செக்கர் பயந்து சிறகடிக்கும் என்று நினைத்தேன். இல்லை. கம்பியோரம் நகர்ந்து வந்து, தலையைச் சாய்த்து, இன்னும் சொல்லு என்பது போல இருந்தது. 'வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி, அம்பை' என்று பாபநாசம் வரை போய்விட்டேன். ஒருவரும் இறங்கவில்லை.

ப்ளாரன்ஸ் டீச்சர் உள்ளே அடைத்து வைக்காதீர்கள் என்றாரே, எழுதிவிடுகிறேன். மார்கழியில் கருவி வந்த அன்று, ஆஸ்பத்திரியில் டீச்சர் காட்டிக்கொடுத்தபடி வீட்டில் வந்து போட்டேன். உலகம்மாள் எதிரே நின்று துணி மடித்துக்கொண்டிருந்தாள். முதல் வார்த்தையாக என்ன சொல்வது என்று யோசிக்கவே இல்லை. 'உலகு' என்றேன். இருபத்தெட்டு வருஷமாக அப்படித்தான் கூப்பிடுவது. அந்தச் சத்தம் வந்ததும் அவள் முகம் போன போக்கை நான் பார்த்தேன். கையிலிருந்த துணி கீழே விழுந்தது. விடுவிடுவென்று உள்ளே போய்க் குழாயைத் திறந்துவிட்டாள். தண்ணீர்ச் சத்தத்துக்கு அடியில் அவள் அழுவது எனக்குக் கேட்டது.

என் குரலைக் கேட்டால் பெண்டாட்டியே அழுதுகொண்டு ஓடுகிறாள் என்றால், அந்தக் குரல் எதற்கு? பெட்டியில் வைத்து மூடினேன். பிறகு அவள் எத்தனையோ தரம் எடுக்கச் சொன்னாள். எனக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்கப்போகிறாள், அது வேண்டாம்.

குருவிக்குப் பரவாயில்லை. அதற்கு என் பழைய குரல் தெரியாது.

மார்ச் 21, வியாழன்

காலை டிரிப் ஒன்பது மணிக்கு. மாலை டிரிப் இரண்டு மணிக்கு. நடுவில் செக்கருக்குத் தினை, எனக்குச் சோறு. ஊர்ப்பெயர்கள் மட்டும்தான் சொல்கிறேன். கழுத்தில் சத்தம் நன்றாகப் பிடிக்கும் இடம் இடப்பக்கம், தாடைக்கு இரண்டு விரல் கீழே. ஒரு வார்த்தை சொல்லிப் பொத்தானை விட்டு, மறுபடி அமுக்கினால் தெளிவாக இருக்கிறது. சும்மா, பொழுது போக வேண்டுமே.

ஞானதுரை மணப்பாட்டுக் கடற்கரையிலிருந்து கணவாய் ஓடு கொண்டுவந்தான். அலகு தீட்ட நல்லதாம். "உனக்காக இல்லல, குருவிக்கு!" என்று கத்தினான். எல்லோரும் குருவி பெயரைச் சொல்லித்தான் என் வீட்டுக்கு வருகிறார்கள். வரட்டும். வந்தால் போதும்.

ஏப்ரல் 3, புதன்

நான்கு நாளாக உப்புமா.

எனக்கு உப்புமா ஆகாது என்று ஊருக்கே தெரியும். இன்று தட்டைப் பார்த்ததும் சிலேட்டில் பெரிதாக எழுதினேன்: 'பழி வாங்குகிறாயா?'

"நல்லா இருக்கே கதை! தெனமும் காலைல அடுக்களைலருந்து கேக்கேன், உப்புமா கிண்டவான்னு. நீங்கதான் ரெண்டு தட்டு தட்டுதிய!"

நான் தட்டவே இல்லை. இருவரும் ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டு நிற்கும்போது பின்னாலிருந்து 'டக் டக்' என்று கேட்டது. அப்படியே டம்ளர்ச் சத்தம். கூண்டுக்குள் துரை கழுத்தை நீட்டிக்கொண்டு, மறுபடி, 'டக் டக்'.

உலகம்மாள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து சிரித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ஆஸ்பத்திரி வாசலை மிதித்த நாளிலிருந்து அவள் இப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை. நானும் சிரித்தேன், சத்தமில்லாமல். உப்புமாவை மிச்சம் வைக்காமல் தின்றேன். செய்யது பாய் இருக்கும் திசைக்கு ஒரு கும்பிடு.

ஏப்ரல் 14, ஞாயிறு

சித்திரை ஒன்று. மகள் ஓசூரிலிருந்து கூப்பிட்டாள். வழக்கம்போல உலகம்மாள் செல்போனை என் பக்கம் வைக்க, நான் டம்ளரைத் தட்டிப் பதில் சொன்னேன்.

"அப்பா, அந்த மெஷின்ல ஒரே ஒரு வார்த்த பேசுங்கப்பா. எப்படி இருந்தாலும் பரவால்ல."

ஒரு தட்டு.

உலகம்மாள் போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள். "விடுளா, அவங்களுக்கா தோணட்டும்" என்று மெதுவாகச் சொன்னது கேட்டது. மதியச் சாப்பாட்டுக்குப் பாயசம் வைத்தாள்.

மே 6, திங்கள்

பள்ளிக்கூடம் லீவு விட்டாயிற்று. உலகம்மாள் காலையிலிருந்து சாயங்காலம் வரை வீட்டில்தான் இருக்கிறாள். அலமாரியை அடுக்குகிறாள், பரண் தட்டுகிறாள், என் நாற்காலியை நகர்த்துகிறாள். ஒன்பது மணி டிரிப்பும் இல்லை, இரண்டு மணி டிரிப்பும் இல்லை. செக்கர் ஒன்பது மணிக்குக் கம்பியோரம் வந்து காத்திருந்துவிட்டுத் திரும்பிக்கொள்கிறது.

'கடையத்தில் உன் தங்கச்சி வீட்டுக்குப் போய் நான்கு நாள் இருந்துவிட்டு வாயேன்' என்று எழுதிக் காட்டினேன்.

"என்ன திடீர்னு என் தங்கச்சி மேல கரிசனம்? என்னைய வெரட்டுததுலயே குறியா இருக்கியளே!"

நல்ல எண்ணத்தில்தான் சொன்னேன். அவளும் ஓய்வெடுக்க வேண்டாமா?

மே 14, செவ்வாய்

போயிருக்கிறாள். வெள்ளிக்கிழமை வருவாளாம். பாட்டரி ஒரே நாளில் இரண்டு தரம் சார்ஜ் கேட்கிறது.

மே 17, வெள்ளி

வந்துவிட்டாள். பையைக் கீழே வைக்குமுன், "இது என்ன, சார்ஜர் பிளக்குல தொங்குது?" என்றாள்.

'செல்போனுக்கு' என்று எழுதினேன்.

அவள் செல்போன் சார்ஜரையும் பார்த்தாள், இதையும் பார்த்தாள். பையை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். எனக்கு அப்பாடா என்று இருந்தது. ஆனால் அதற்குப் பிறகு அவள் அன்று முழுக்கச் சரியாகவே பேசவில்லை. கடையத்தில் தங்கச்சியோடு ஏதாவது மனத்தாங்கலாக இருக்கும்.

ஜூன் 10, திங்கள்

பள்ளிக்கூடம் திறந்தாயிற்று. ஒன்பது மணி டிரிப் சரியான நேரத்துக்குக் கிளம்பியது.

ஜூன் 14, வெள்ளி

செக்கர் இரண்டு நாளாகத் தனக்குள் ஏதோ முனகிக்கொண்டிருக்கிறது. அடித்தொண்டையில் வண்டு இரைவது போல ஒரு ரீங்காரம். உடம்புக்கு ஏதோ என்று பயந்து பாய்க்குச் செய்தி அனுப்பினேன். 'பயப்படாதீங்க, பேச்சுப் பழகுது. அதிகமா எதக் கேக்குதோ அதத்தான் முதல்ல சொல்லும்' என்று பதில் வந்தது.

மதியம் கூண்டருகே காதை வைத்துக் கேட்டேன். என்ன சொல்கிறது என்று புரிந்துவிட்டது.

ஊர்ப்பெயர் எதுவும் இல்லை. அதை இங்கே எழுத மாட்டேன்.

ஜூன் 17, திங்கள்

அவள் வீட்டுக்கு வரும் நேரத்தில் கூண்டின்மேல் துணியைப் போட்டு மூடிவிடுகிறேன்.

"பகல்ல எதுக்குத் துணி?"

'கொசு.'

"குருவிய எங்கயாவது கொசு கடிக்குமா?"

இரண்டு தட்டு. எனக்கே என் முகத்தைக் கண்ணாடியில் பார்க்கக் கூச்சமாக இருக்கிறது.

ஜூன் 22, சனி

மாட்டிக்கொண்டேன்.

சனிக்கிழமை அவளுக்கு வேலை இல்லை என்பது நேற்றே நினைவில் இருந்தது. காலையில் துணியும் போட்டுத்தான் இருந்தேன். குளித்துவிட்டு வந்து பார்த்தால் அதைத் துவைத்துக் கொல்லையில் காயப்போட்டிருக்கிறாள். என் நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து சீனியவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். நான் உட்காரக்கூட இல்லை.

'உலகு' என்றது செக்கர்.

அதே குரல். ஏற்ற இறக்கமில்லாத அந்த மோட்டார்க் குரல், சின்னதாக, வேகமாக.

அரிவாள்மனையில் அவள் கை நின்றது.

'உலகு. உலகு. சாப்ட்டியா. உலகு.'

நான் சுவரை ஓங்கி ஒரு தட்டுத் தட்டினேன். நில் என்று அர்த்தம். செக்கர் எங்கே நிற்கும்? டக் டக் என்று தானே ரைட் கொடுத்துக்கொண்டு மறுபடி ஆரம்பித்தது. 'உலகு. சாப்ட்டியா.'

அவள் எழுந்தாள். குழாயைத் திறக்கத்தான் போகிறாள் என்று நினைத்தேன். போகவில்லை. என் முன்னால் வந்து நின்றாள். கண்ணெல்லாம் கலங்கி, ஆனால் கோபமாக.

"எத்தன நாளா இது?"

நான் சிலேட்டைத் தேடினேன். அவள் அதைப் பிடுங்கி அந்தப்பக்கம் வைத்தாள்.

"மே மாசமே தெரியும் எனக்கு. சார்ஜரப் பாத்ததுமே தெரியும். யார்கிட்டயோ பேசுதாவ, என்கிட்ட மட்டும் பேச மாட்டேங்காவன்னு நெனச்சி ஒரு மாசமாக் குமுறிக்கிட்டுக் கெடந்தேன். குருவிக்குக் கெடச்ச பேச்சு எனக்குக் கெடைக்கலியே! நான் என்ன பாவம் செஞ்சேன்?"

நான் கழுத்தைக் காட்டினேன். பிறகு அடுக்களைக் குழாயைக் காட்டினேன். கண்ணிலிருந்து நீர் வழிவது போல விரலால் காட்டினேன். அவளுக்கு ஒரு நிமிடம் புரியவில்லை. புரிந்ததும் தலையில் கையை வைத்துக்கொண்டு என் நாற்காலியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"அட கிறுக்கு மனுசா! அதுக்கா? ஆஸ்பத்திரில உங்க கட்டிலுக்குக் கீழ படுத்துக்கிட்டு, இனிமே இந்த மனுசன் வாயால உலகுன்னு ஒரு தடவ கேக்க மாட்டமான்னு நெனச்சி நெனச்சி அழுதவ நான். அன்னைக்குத் திடுதிப்புன்னு கூப்பிட்டிய. எனக்கு நெஞ்சு வெடிச்சிரும்போல ஆயிட்டு. நான் அழுததப் பாத்தா நீங்க ஒடஞ்சிருவியன்னுதான் உள்ள போயிக் குழாயத் தொறந்துவிட்டு அழுதேன். மூஞ்சியக் கழுவிக்கிட்டு வந்து பாத்தா டப்பாவ மூடி அலமாரில வச்சாச்சு. கேட்டா எரிஞ்சு விழுதிய. உங்களுக்குத்தான் பிடிக்கலன்னு நான் நெனச்சேன்."

ஆறு மாதம். அவள் அழுகையை நான் தப்பாகப் படித்தேன், என் கோபத்தை அவள் தப்பாகப் படித்தாள். முகத்தைப் பார்த்தே எந்த ஸ்டாப்பில் இறங்குவான் என்று சொல்லுகிற கண்டக்டர் நான். வீட்டு ஆள் முகத்தைப் படிக்கத் தெரியவில்லை.

நான் போய்க் கருவியை எடுத்து வந்தேன். அவசரத்தில் சத்தம் பிடிக்கும் இடம் கிடைக்கவில்லை. "பொறுங்க" என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து அடுக்களைக்குள் போனாள். உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள்.

"இப்பக் கூப்பிடுங்க. முன்ன கூப்பிடுத மாதிரி."

இடப்பக்கம், தாடைக்கு இரண்டு விரல் கீழே. அமுக்கினேன்.

'உலகு.'

பாத்திரம் உருளும் சத்தத்தோடு, இருபத்தெட்டு வருஷமாக எனக்குக் கிடைத்துவந்த அதே பதில், அதே சலிப்போடு வந்தது.

"என்ன? அடுப்புல வேலையா இருக்கேன்லா! இங்க வந்து சொன்னா என்ன?"

அடுப்பு எரியவே இல்லை. நான் போய்ச் சொன்னேன். என்ன சொன்னேன் என்பதை எழுத வேண்டியதில்லை, சொல்லியாயிற்று. கொல்லை அடுப்பைப் பற்றியும் சொன்னேன்.

ஜூன் 23, ஞாயிறு

ஓசூருக்குப் போன் போட்டோம். 'நல்லா இருக்கியாம்மா' என்று நான் கேட்டதும் அந்தப் பக்கம் அழுகை. இந்தத் தடவை கருவியைப் பெட்டியில் வைத்து மூடவில்லை. அழுது முடியட்டும் என்று காத்திருந்தேன். செக்கர் நடுவில் புகுந்து 'சாப்ட்டியா' என்று கேட்டது. "அப்பா, இப்பப் பேசினது யாரு, நீங்களா குருவியா?" என்றாள் மகள். எங்கள் இரண்டு பேர் குரலும் ஒன்றுதான் என்றேன்.

ஒருத்திக்கு, ஒரு கடைக்காரருக்கு, ஒரு டீச்சருக்கு, கத்திப் பேசும் ஒரு டிரைவருக்கு, உள்ளங்கையில் அடங்கும் ஒரு பச்சை ஜந்துவுக்கு நன்றி சொல்ல வேண்டியிருக்கிறது. ஒவ்வொருவராக நேரில் சொல்வேன்.

ஜூன் 30, ஞாயிறு

எழுத நேரமில்லை. ஞானதுரை வந்திருக்கிறான், பேசிக்கொண்டிருக்கிறோம். காலையில் உப்புமா வேண்டாம் என்று வாயாலேயே சொல்லிவிட்டேன்.